டோக்கியோ டோம் டைரி: ஸ்கோர்போர்டை விட கூட்டத்தை அதிகமா பாத்த மார்ச்

மார்ச் 9, 2023, வியாழன்

2021-ல நடந்திருக்க வேண்டிய வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக், அதாவது நாடுகள் மோதுற பேஸ்பால் போட்டி, கொரோனாவால தள்ளிப்போயி இப்பத்தான் நடக்குது. கடைசியா 2017-ல நடந்தது, அப்ப அமெரிக்கா ஜெயிச்சாங்க. இந்தத் தடவை 20 நாடு, நாலு பிரிவு. டோக்கியோ பிரிவுல ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, சீனா, செக் குடியரசு. ஜப்பான் ஆடுற ஆட்டத்துக்கு டிக்கெட் குலுக்கல்லதான் கிடைக்கும், நண்பர் ஒருத்தர் புண்ணியத்துல ரெண்டு ஆட்டத்துக்குக் கிடைச்சிருக்கு, மத்ததெல்லாம் பகல் ஆட்டம், இல்லன்னா டிவி.

சுய்தோபாஷி ஸ்டேஷன்ல இறங்கி பாலத்தைத் தாண்டினா வெள்ளையா டோம் தெரியுது. அதோட மேற்கூரைக்குத் தூணே கிடையாது, உள்ள காத்தழுத்தத்தைக் கூட்டி வச்சுத்தான் பூரி மாதிரி உப்பி நிக்குது. அதனாலதான் சுத்துற கதவு வழியா உள்ள விடுறாங்க, நுழையும்போது காது லேசா அடைக்கும். 1988-ல திறந்த ஸ்டேடியம். மூடின கூரைங்கிறதால சத்தம் எங்கயும் ஓடிப்போகாது, அங்கயே சுத்திக்கிட்டு இருக்கும். இந்த டைரி பூரா நான் எழுதப்போறது அந்தச் சத்தத்தைப் பத்திதான்.

பகல் ஆட்டம் கொரியா, ஆஸ்திரேலியா. நிறைய சீட் காலியாதான் இருந்துச்சு, ஆனா கொரியாக்காரங்க இருந்த பக்கம் மட்டும் ஒரு தனி ஊர் மாதிரி, "தே-ஹான்-மின்-குக்"னு அவங்க நாட்டுப் பேரு நாலு எழுத்து, அப்புறம் கைதட்டு, மறுபடி நாலு எழுத்து. ஏழாவது இன்னிங்ஸ்ல கொரியா 5-4ன்னு பின்தங்கி நிக்கும்போது காங் பேக்-ஹோ வந்து ஒரு டபுள், அதாவது செகண்ட் பேஸ் வரைக்கும் ஓடுற அடி, அடிச்சாரு, அந்தப் பக்கம் வெடிச்சிடுச்சு. செகண்ட் பேஸ்ல நின்னு தன் டீமைப் பாத்து கைய தூக்கினாரு, அப்ப கால் பேஸை விட்டு வந்துடுச்சு. ஆஸ்திரேலியாவோட கிளெண்டினிங் பந்தைக் கையிலயே வச்சிருந்தாரு, அப்படியே தொட்டுட்டாரு. அவுட். ரீப்ளே பெரிய ஸ்க்ரீன்ல ஓடுது, பாதிப் பேருக்கு என்ன நடந்துச்சுன்னே புரியாம இன்னும் கத்திக்கிட்டு இருக்காங்க, மீதிப் பாதி தலைல கை வச்சு உக்காந்தாச்சு. ஒரே கூட்டத்துல ஒரே நிமிஷத்துல ரெண்டு சத்தம். அடுத்து வந்த யாங் உய்-ஜி சிங்கிள் அடிச்சப்ப, எனக்கு முன் வரிசைல இருந்த ஒரு கொரிய அம்மா கைதட்டவே இல்ல, விரல்ல எதையோ எண்ணிப் பாத்துட்டு முகத்தை மூடிக்கிட்டாங்க. காங் பேஸ்லயே இருந்திருந்தா அது ஒரு ரன்.

எட்டாவது இன்னிங்ஸ்ல ஆஸ்திரேலியாவோட ராபி பெர்கின்ஸ் பந்தை வேலிக்கு வெளிய அனுப்பினாரு, பேஸ்ல நின்ன ரெண்டு பேரும் சேந்து ஓடி வந்து மூணு ரன் ஹோம் ரன், 8-4. கொரியா விடாம மூணு ரன் திருப்பி எடுத்தாங்க, ஆனா 8-7ல முடிஞ்சுபோச்சு. மஞ்சள் பச்சை சட்டை போட்ட சின்னக் கும்பல் ஒண்ணு தொண்டை கிழியக் கத்திச்சு. நூறு பேர் கத்தினாலும் அந்தக் கூரைக்குக் கீழ ஆயிரம் பேர் மாதிரி கேக்குது.

ராத்திரி ஜப்பான், சீனா. உள்ள போக முடியல, ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை டிவில பாத்தேன். பந்தும் போட்டு பேட்டிங்கும் பண்ற ஜப்பானோட பெரிய நட்சத்திரம் ஓதானி நாலு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காம பந்து போட்டு, பேட்டிங்லயும் ரெண்டு ரன் கொண்டாந்தாரு. 8-1. கடைல எல்லாரும் பேசினது நூட்பாரைப் பத்தி. அம்மா ஜப்பான்காரங்க, இவர் பொறந்து வளந்தது அமெரிக்கால. பெத்தவங்க வழி உரிமைல சாமுராய் ஜப்பான்னு கூப்பிடுற தேசிய அணிக்கு ஆட வந்த முதல் ஆளு. வந்து நின்ன முதல் பந்துலயே ஹிட். அடிச்சுட்டு பேஸ்ல நின்னு மிளகு அரைக்கிற மாதிரி ரெண்டு கையையும் முறுக்கிக் காட்டுறாரு, கடைக்காரரும் உடனே அதையே செஞ்சாரு. ஒரு வாரம் முன்னாடி வரைக்கும் இவர் யாருன்னு கேட்டுக்கிட்டு இருந்த ஊரு இது.

மார்ச் 10, வெள்ளி

பகல் ஆட்டத்துக்குப் போகல, அதுக்கு இப்ப ரொம்ப வருத்தமா இருக்கு. செக் அணி சீனாகிட்ட 5-4ன்னு தோத்துக்கிட்டு இருந்து, ஒன்பதாவது இன்னிங்ஸ்ல மார்ட்டின் முஜீக் மூணு ரன் ஹோம் ரன் அடிச்சு, 8-5ன்னு ஜெயிச்சிருக்காங்க. இந்தப் போட்டிக்கு அவங்க வர்றதே இதுதான் முதல் தடவை, முதல் ஆட்டமே வெற்றி.

ராத்திரி ஜப்பான், கொரியா. இந்த ரெண்டு நாட்டுக்கும் நடுவுல இருக்கிற கதை பெருசு. 2006-ல கொரியா ரெண்டு தடவை ஜெயிச்சும் செமி ஃபைனல்ல ஜப்பான்கிட்ட தோத்தாங்க, 2009 ஃபைனல் பத்தாவது இன்னிங்ஸ் வரைக்கும் போயி இச்சிரோ அடிச்ச அடில ஜப்பான் 5-3ன்னு ஜெயிச்சது. அதை இன்னும் பந்து பந்தா சொல்ற ஆளுங்க இருக்காங்க. நான் உக்காந்த இசகாயால, அதாவது சின்ன மதுக்கடைல, அப்படி ஒருத்தர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே பாத்தாரு, உக்காரச் சொன்னா கேக்கல.

மூணாவது இன்னிங்ஸ்ல ஜப்பானோட டார்விஷ் பந்துல யாங் உய்-ஜி ரெண்டு ரன் ஹோம் ரன் அடிச்சாரு, இன்னொரு ரன்னும் வந்து 3-0. கடை முழுக்க தட்டு கழுவுற சத்தம் மட்டும்தான். ஆனா அதே இன்னிங்ஸ்ல ஜப்பான் நாலு ரன் எடுத்தாங்க, அப்புறம் நிக்கவே இல்ல, 13-4. பத்து ரன் தாண்டினதும் கடைல கூச்சல் கூடும்னு நினைச்சேன், குறைஞ்சது. நின்னுக்கிட்டே பாத்தவர் கடைசில என் நண்பர்கிட்ட மெதுவா சொன்னாரு, கொரியா பலமா இருந்தாத்தான் நாமளும் பலமா இருப்போம்னு. அதை ஜெயிச்ச ராத்திரில சொன்னாரு.

ஜப்பானோட ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர்) கெண்டா பேஸுக்கு டைவ் அடிச்சுத் திரும்பும்போது கைய பிடிச்சுக்கிட்டாரு, அப்புறம் வெளிய போயிட்டாரு. என்னாச்சுன்னு யாரும் சொல்லல.

மார்ச் 11, சனி

இன்னிக்கு ஸ்டேடியம் உள்ள. ஜப்பான், செக். 41 ஆயிரத்துக்கு மேல கூட்டம், ஆட்டத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே பாதி நிறைஞ்சாச்சு, ஏன்னா ஓதானி பேட்டிங் பயிற்சிய பாக்கணும். ஒவ்வொரு பந்தும் மேல் டெக்குக்குப் போகும்போது "ஓஓஓ"ன்னு ஒரு சத்தம், அடுத்தது இன்னும் மேல போனா அந்த "ஓ" இன்னும் நீளம். பயிற்சிக்குக் கைதட்டுற கூட்டத்தை நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

தேதிய பாருங்க. மார்ச் 11. தொஹோகு நிலநடுக்கமும் சுனாமியும் வந்து இன்னிக்கு 12 வருஷம். இன்னிக்கு பந்து போட வந்தவர் சசாகி ரோகி, 21 வயசு. இவாத்தே மாகாணத்து ரிக்குசென்தகாத்தா ஊர்க்காரர். அன்னிக்கு அப்பாவையும் தாத்தா பாட்டியையும் சுனாமில இழந்த பையன், அப்ப ஒன்பது வயசு. இந்த நாள்ல இவரை இறக்கினது தற்செயல் இல்லன்னு ஸ்டேடியத்துல எல்லாருக்கும் தெரியும். பேர் அறிவிச்சப்ப வந்தது கூச்சல் இல்ல, ரொம்ப நேரம் நீடிச்ச ஒரு கைதட்டு. பக்கத்து சீட்ல ஜப்பான் பேட்டர் முராகாமியோட 55-ம் நம்பர் சட்டை போட்ட ஒரு பெரியவர், முராகாமி ஆடுற யாகுல்ட் ஸ்வாலோஸ் கிளப்போட தொப்பிய கழட்டி மடில வச்சுக்கிட்டாரு.

எதிர்ல செக் அணி. மேனேஜர் பாவெல் சாடிம் நரம்பு டாக்டர். பிட்ச்சர் ஓண்ட்ரே சடோரியா எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். டீம்ல தீயணைப்பு வீரர் இருக்காரு, ஸ்கூல்ல புவியியல் நடத்துற வாத்தியார் இருக்காரு. லீவு போட்டுட்டு வந்து ஆடுற ஆளுங்க. இவங்களுக்கு எதிரா மணிக்கு 160 கிலோமீட்டர் தாண்டிப் போடுற சசாகி. முதல் இன்னிங்ஸ்லயே செக்தான் ரன் எடுத்தாங்க, 1-0. ஒரு மூலைல கொடியோட இருந்த செக் ரசிகர்கள் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து குதிக்கிறாங்க, சுத்தி இருந்த ஜப்பான்காரங்க அவங்களுக்குக் கைதட்டுறாங்க. தங்களுக்கு எதிரா விழுந்த ரன்னுக்கு!

அடுத்து மூணாவது இன்னிங்ஸ். சடோரியா பந்து மெதுவான பந்து, கிட்டத்தட்ட 115 கிலோமீட்டர் வேகம்தான், ஆனா கையை விட்டு வர்றப்ப வேகமா வர்ற மாதிரி ஏமாத்தும். ஓதானி முழு பலத்தோட சுத்தினாரு, பந்து கேட்ச்சர் கையில. ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூணு ஸ்ட்ரைக்கும் போயி அவுட். முதல்ல 41 ஆயிரம் பேரும் மூச்ச உள்ள இழுத்த சத்தம், ஒரு நொடி, அப்புறம் எங்கிருந்தோ கைதட்டு ஆரம்பிச்சு அப்படியே பரவிடுச்சு. இந்த மொத்தப் பயணத்துல எந்த ஒரு நிமிஷம்னு யாராவது கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். தங்களோட ஆளு, உலகத்துலயே பெரிய ஆளு, ஒரு இன்ஜினியர்கிட்ட அவுட் ஆகுறாரு, அந்த இன்ஜினியர் எத்தனை ராத்திரி வேலை முடிஞ்சு வந்து அந்தப் பந்தைப் போட்டுப் பழகியிருப்பார்னு இந்தக் கூட்டத்துக்குத் தெரியுது. அதே இன்னிங்ஸ்ல ஜப்பான் மூணு ரன் எடுத்து முந்திட்டாங்க, அது வேற விஷயம்.

நாலாவது இன்னிங்ஸ்ல சசாகியோட பந்து ஒண்ணு செக் பேட்டர் வில்லி எஸ்கலா முழங்கால்ல நேரா போயி அடிச்சது, 162 கிலோமீட்டர். சுருண்டு விழுந்தாரு. அந்தப் பெரிய இடத்துல ஒரு சத்தம் இல்ல. பீர் விக்கிற பொண்ணு ஒருத்தி, முதுகுல பீர் டேங்க்கோட, பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்கக் கூடாதுன்னு படிக்கட்டுல முட்டி போட்டு ஊத்திக்கிட்டு இருந்தா, அவளும் குழாயை நிறுத்திட்டு மைதானத்தையே பாத்தா. கோப்பைல பாதி பீர். கொஞ்ச நேரம் கழிச்சு எஸ்கலா எந்திரிச்சு ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடந்தாரு, சசாகி தொப்பிய கழட்டி தலை குனிஞ்சாரு, அப்ப எஸ்கலா என்ன பண்ணாரு தெரியுமா, எனக்கு ஒண்ணும் இல்லன்னு காட்டுற மாதிரி கோட்டோரமா ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்தாரு. அதுக்கு வந்த கைதட்டு இருக்கே, ஓதானி ஹிட்டுக்கு வந்ததுக்குக் குறையாது. பெரியவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு, பீர் பொண்ணு மீதிய ஊத்தி முடிச்சா.

ஆட்டம் 10-2. சசாகி எட்டு பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்ணாரு.

சந்தோஷத்துக்கு நடுவுல ஒரு பெருமூச்சும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. முராகாமி போன வருஷம் 56 ஹோம் ரன் அடிச்சவரு, ஜப்பான்ல பொறந்த யாரும் ஒரே சீசன்ல அவ்வளவு அடிச்சதில்ல. இங்க அவருக்கு ஒண்ணும் ஒட்டல. ஒவ்வொரு தடவை பேட்டைத் தூக்கிட்டு வரும்போதும் ட்ரம்பெட்டும் ட்ரம்மும் ஆரம்பிக்குது, டவலைத் தூக்குறாங்க, பேர் சொல்லிக் கத்துறாங்க, அவுட் ஆனதும் "ஆ......"ன்னு மொத்த ஸ்டேடியமும் சேந்து ஒரு காத்து விடுது. திட்டு இல்ல, ஊளை இல்ல. ஆனா எனக்கென்னவோ திட்டை விட அது கனமா இருக்கும்னு தோணுது. பெரியவர் மட்டும் அந்த "ஆ"வுல சேரல. ஒவ்வொரு தடவையும் தனியா கைதட்டினாரு.

மார்ச் 12, ஞாயிறு

பகல்ல கொரியா செக்கை 7-3ன்னு ஜெயிச்சாங்க, கிம் ஹா-சியோங் ரெண்டு ஹோம் ரன். ராத்திரி ஜப்பான், ஆஸ்திரேலியா, டிவிலதான். முதல் இன்னிங்ஸ்லயே ஓதானி மூணு ரன் ஹோம் ரன் அடிச்சாரு, பந்து நேரா போயி விழுந்தது அவரே சிரிச்சுக்கிட்டு நிக்கிற விளம்பரப் பலகைல. கடைல இருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் புடிச்சு உலுக்குறாங்க. 7-1.

ஆனா நான் இதை எழுதுறது அதுக்காக இல்ல. அந்தப் பந்து யார் கைக்குக் கிடைச்சதோ அந்தப் பொண்ணு அதைப் பக்கத்துல இருந்தவங்ககிட்ட கொடுத்திருக்காங்க, அவங்க ஃபோட்டோ எடுத்துட்டு அடுத்தவங்ககிட்ட, அப்படியே கை மாறி கை மாறி அந்தப் பகுதி முழுக்கப் போயி, பத்திரமா திரும்பி அவங்ககிட்டயே வந்திருக்கு. அந்தப் பந்துக்கு இன்னிக்கு எவ்வளவு விலை கிடைக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் கூட அதைப் பையில போடல.

மார்ச் 13, திங்கள்

இன்னில இருந்து மாஸ்க் போடுறது அவங்கவங்க விருப்பம்னு அரசாங்கம் சொல்லியாச்சு. ஆனா ஸ்டேடியத்துல பெரும்பாலான முகம் இன்னும் மூடித்தான் இருக்கு. இத்தனை நாளும் இந்தச் சத்தம் பூரா மாஸ்க்குக்கு உள்ள இருந்து வந்துதான்னு அப்பத்தான் உறைச்சது. இதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வருஷம் பேஸ்பால் பாக்க வந்தா கைதட்டலாம், கத்தக் கூடாதுன்னு இருந்த ஊரு. அந்த அடக்கி வச்சதெல்லாம் சேந்துதான் இப்ப வருது போல.

பகல்ல செக், ஆஸ்திரேலியா. செக் ஜெயிக்க வாய்ப்பு கம்மி, வேலை நாள் பகல் வேற, ஆனாலும் ஜப்பான்காரங்க வந்திருந்தாங்க, சில பேர் பேப்பர்ல செக் கொடிய கையால வரஞ்சு எடுத்துட்டு வந்திருந்தாங்க, ஒரு குட்டிப் பையன் வரஞ்ச கொடில நீல முக்கோணம் தப்பான பக்கத்துல இருந்துச்சு, அவங்க அம்மா அட்டைய திருப்பிப் பிடிக்கச் சொன்னாங்க. தீயணைப்பு வீரர் ஷ்னைடர்தான் பந்து போட்டாரு. 8-3 ஆஸ்திரேலியா. செக் வீட்டுக்கு, ஆஸ்திரேலியா முதல் தடவையா குவார்ட்டர் ஃபைனலுக்கு. இந்த ரிசல்ட்டால கொரியாவும் வெளிய, இது தொடர்ந்து மூணாவது தடவை. ராத்திரி அவங்க சீனாவை 22-2ன்னு அடிச்சாங்க, ரெண்டு கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடில நாலு ரன்), எதுக்கும் பிரயோஜனம் இல்ல. அப்படி ஒரு ராத்திரிக்கு டிக்கெட் வாங்கி வந்து கடைசி வரைக்கும் கத்தின கொரிய ரசிகர்களை நான் மதிக்கிறேன்.

டிவி கணக்கு ஒண்ணு: வெள்ளிக்கிழமை கொரியா ஆட்டத்தை டோக்கியோவைச் சுத்தின கான்டோ பகுதில 44.4 சதவீதம் வீடு பாத்திருக்கு.

மார்ச் 14, செவ்வாய்

ஆட்டம் இல்லாத நாள். டோமுக்கு உள்ளயே இருக்கிற பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் மியூசியத்துக்குப் போனேன். 2006, 2009 கோப்பை முன்னாடி நின்னு அப்பாக்கள் பிள்ளைங்களுக்குக் கதை சொல்லிக்கிட்டு இருக்காங்க. டோக்கியோல சகுரா (செர்ரிப் பூ) பூத்துடுச்சுன்னு இன்னிக்கு அறிவிச்சாச்சு.

இன்னொரு செய்தி, கடைல எல்லாரும் பேசிக்கிறது. சசாகி செக் டீம் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போயி எஸ்கலாவைப் பாத்து மன்னிப்பு கேட்டிருக்காரு, பை நிறைய மிட்டாயோட. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு நிக்கிற ஃபோட்டோவைக் கடைக்காரம்மா எனக்கு ஃபோன்ல காட்டினாங்க, அவங்க சொந்தப் பிள்ளை மாதிரி.

மார்ச் 15, புதன்

கியூபா, ஆஸ்திரேலியா, குவார்ட்டர் ஃபைனல். ஜப்பான் ஆடாத ஆட்டம், ஆனா ஸ்டேடியம் நல்லா நிறைஞ்சிருந்துச்சு. காரணம் இருக்கு. கியூபா டீம்ல பாதி முகம் இவங்களுக்குப் பழக்கம். மொய்னெலோ ஜப்பான் லீக்ல சாஃப்ட்பேங்க் கிளப்ல ஆடுறவரு, ரைடெல் மார்ட்டினஸ் நகோயாவோட சூனிச்சி டிராகன்ஸ்ல, டெஸ்பைனே பல வருஷம் சாஃப்ட்பேங்க்ல இருந்தவரு. டிராகன்ஸ் நீலச் சட்டை போட்டு கியூபாவுக்குக் கத்த ஒரு வரிசையே வந்திருந்துச்சு, நகோயால இருந்து புல்லட் ரயில் பிடிச்சு வந்தவங்களும் அதுல இருந்தாங்க. ஆஸ்திரேலியா விங்க்ரோவ் ரெண்டு ரன் ஹோம் ரன் அடிச்சு 4-3 வரைக்கும் கொண்டு வந்தாங்க, கடைசில மார்ட்டினஸ் வந்து முடிச்சாரு. அவர் கடைசி பேட்டரை அவுட் பண்ணதும் அந்த நீல வரிசை அழுதுச்சு. ஆஸ்திரேலியா வெளிய போகும்போது முதல் நாள் பாத்த அந்த மஞ்சள் பச்சை சட்டைக் கும்பலுக்கு சுத்தி இருந்த எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டினாங்க, அவங்க திரும்பி ஜப்பான் பாணில குனிஞ்சு வணக்கம் வச்சாங்க.

மார்ச் 16, வியாழன்

ஜப்பான், இத்தாலி. தோத்தா வீட்டுக்கு. இத்தாலிக்கு மேனேஜர் முன்னாள் அமெரிக்க நட்சத்திரம் மைக் பியாஸா, அவங்க டக்அவுட்ல (வீரர்கள் உக்கார்ற இடத்துல) எஸ்பிரசோ மெஷினே வச்சிருக்காங்க.

இன்னிக்கு ஓதானி பந்து போட்டாரு. போன ஆட்டங்கள்ல பாக்காத ஒண்ணு இன்னிக்குப் பாத்தேன், இல்ல, கேட்டேன். ஒவ்வொரு பந்தை விடும்போதும் அடித்தொண்டைல இருந்து ஒரு கத்தல் கத்துறாரு. அது எனக்கு மேல் டெக்ல கேக்குது. எப்படிக் கேக்கும்? 41 ஆயிரம் பேரும் அவர் கையைத் தூக்கின உடனே பேச்சை நிறுத்துறாங்க, பந்து கையை விட்டுப் போறப்ப அவர் கத்தல், அப்புறம் கேட்ச்சர் க்ளவுல "டப்"னு ஒண்ணு, அதுக்கப்புறம்தான் கூட்டத்தோட சத்தம். இந்த வரிசை நாலு இன்னிங்ஸுக்கு மேல மாறவே இல்ல. யாரும் சொல்லிக் கொடுக்கல, மைக்ல அறிவிக்கல.

மூணாவது இன்னிங்ஸ்ல அவரே பேட்டிங்ல பன்ட் வச்சாரு. இத்தாலி ஃபீல்டர்ஸ் எல்லாம் ஒரு பக்கமா நகந்து நின்னாங்க, இவரு காலியான பக்கம் மெதுவா தட்டி விட்டு ஓடிட்டாரு. ஹோம் ரன் பாக்க வந்த கூட்டம், பன்ட்டுக்கு அப்படி ஒரு அலறல் போட்டுச்சு, ஏன்னா இன்னிக்கு ஜெயிக்கிறதைத் தவிர வேற எதுவும் வேண்டாம்னு அந்த ஒரு தட்டுல சொல்லிட்டாரு. அதுல தொடங்கி ஒகாமொட்டோ மூணு ரன் ஹோம் ரன் வரைக்கும் போச்சு, அந்த இன்னிங்ஸ்ல நாலு ரன்.

கெண்டாவும் வந்தாரு. கொரியா ஆட்டத்துல சுண்டுவிரல் எலும்பு உடைஞ்சிருக்கு, அதோட வந்து ஷார்ட்ஸ்டாப்ல நிக்கிறாரு. அவர் பேர் சொன்னப்ப வந்த சத்தம் ஓதானிக்கு வந்ததுக்குப் பக்கத்துல.

முராகாமிய பேட்டிங் வரிசைல நாலாவது இடத்துல இருந்து அஞ்சாவதுக்கு இறக்கியிருந்தாங்க. பிரிவு ஆட்டம் நாலுலயும் சேத்து ரெண்டே ரெண்டு ஹிட். இன்னிக்கு ரெண்டு டபுள் அடிச்சாரு. ரெண்டாவது டபுளுக்கு நான் எந்திரிச்சு கத்தினேன், பக்கத்துல யாருன்னே தெரியாத ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு. 9-3. அடுத்து செமி ஃபைனல், அமெரிக்காவோட மயாமில.

மார்ச் 21, செவ்வாய்

இடைல கியோட்டோ போயிட்டு வந்தேன், அதைத் தனியா எழுதுறேன். செமி ஃபைனல் மயாமில ராத்திரி, இங்க காலைல. வசந்த விடுமுறை நாள்ங்கிறதால எட்டு மணிக்கே அதே சுய்தோபாஷி கடைல கூட்டம், கடைக்காரர் எங்களுக்காகவே சீக்கிரம் திறந்தாரு. உள்ள போனா யாரு, 11-ம் தேதி பக்கத்து சீட்ல இருந்த முராகாமி சட்டைப் பெரியவர். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடாம்.

மெக்சிகோ நாலாவது இன்னிங்ஸ்ல சசாகி பந்துல மூணு ரன் ஹோம் ரன். ஒகாமொட்டோ அடிச்ச பந்து கண்டிப்பா ஹோம் ரன்னு நாங்க எந்திரிச்சாச்சு, அரோசரேனா வேலிக்கு மேல கையை விட்டு எடுத்துட்டாரு. எடுத்துட்டு சிலை மாதிரி நின்னாரு. கடைல ஒருத்தர் "சுகோய்", அதாவது பிரமாதம்னு சொல்லிட்டாரு, யாரும் அவரை முறைக்கல. ஏழாவதுல யோஷிதா மூணு ரன் ஹோம் ரன், 3-3, எட்டாவதுல மெக்சிகோ ரெண்டு ரன் எடுத்து மறுபடி முன்னாடி, ஜப்பான் ஒண்ணு திருப்பி, 5-4.

முராகாமி அதுக்குள்ள மூணு ஸ்ட்ரைக் அவுட். "ஆ......" இந்தச் சின்னக் கடைலயும் அதே காத்துதான். பெரியவர் வாயே திறக்கல.

ஒன்பதாவது இன்னிங்ஸ். ஓதானி டபுள் அடிச்சு, ஓடும்போதே ஹெல்மெட்டைத் தூக்கி எறிஞ்சுட்டு, பேஸ்ல நின்னு டக்அவுட்டைப் பாத்து ரெண்டு கையாலயும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டாரு. யோஷிதா வாக், அதாவது நாலு தப்பான பந்துக்கு சும்மாவே ஃபர்ஸ்ட் பேஸ். அவருக்குப் பதிலா ஓட ஷூட்டோ வந்தாரு. இப்ப முராகாமி. மாத்திடுவாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, பன்ட் வைக்கச் சொல்வாங்கன்னு இன்னொருத்தர். மேனேஜர் குரியாமா மாத்தல. பந்து போச்சு, சென்டர் ஃபீல்ட் சுவர்ல அடிச்சது, ஓதானி வந்தாச்சு, பின்னாடியே ஷூட்டோ அவரை முட்டிடுவாரோங்கிற வேகத்துல வர்றாரு, 6-5, ஆட்டம் முடிஞ்சது. கடைல சேர் விழுந்துச்சு, மிசோ சூப் விழுந்துச்சு. பெரியவர் மேஜைல ரெண்டு முழங்கையையும் ஊனி குலுங்கிக் குலுங்கி அழுதாரு. கடைக்காரர் அவர் முதுகைத் தடவிக்கிட்டே நிக்கிறாரு. நான் இந்த விளையாட்டைப் பாக்க வந்தது சரிதான்னு எனக்கு அந்த இடத்துல தோணுச்சு.

மார்ச் 22, புதன்

ஃபைனல், அமெரிக்கா. வேலை நாள் காலை. ரயில்ல நின்னவங்க எல்லார் ஃபோன்லயும் பச்சைத் தரை. டர்னர் ஹோம் ரன் அடிச்சு அமெரிக்கா 1-0, அடுத்து முராகாமி முதல் பந்துலயே ஹோம் ரன், 1-1. அப்ப நான் கடைக்குள்ள நுழைஞ்சேன், பெரியவர் இருந்த இடத்துல இருந்தே ரெண்டு விரலைக் காட்டினாரு, நேத்து ஒண்ணு இன்னிக்கு ஒண்ணு.

கடைசி இன்னிங்ஸ் 3-2. ஓதானி பந்து போட வர்றாரு, அழுக்கான பேன்ட்டோட. ஒரு வாக், அடுத்து பெட்ஸ் அடிச்ச பந்துல டபுள் ப்ளே, ஒரே அடில ரெண்டு பேர் அவுட், அடுத்து அமெரிக்காவோட பெரிய பேட்டர் மைக் ட்ரவுட். ஓதானியும் அவரும் அமெரிக்க லீக்ல ஏஞ்சல்ஸ்ங்கிற ஒரே டீம். மூணு பால், ரெண்டு ஸ்ட்ரைக், இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தா கோப்பை. கடைல டோம்ல கேட்ட அதே அமைதி. பந்து வெளிப்பக்கமா வளைஞ்சு போச்சு, ட்ரவுட் சுத்தினாரு, படல. ஓதானி க்ளவையும் தொப்பியையும் எறிஞ்சாரு, அதுக்கப்புறம் டிவி சத்தம் எனக்குக் கேக்கல.

சிம்பாஷி ஸ்டேஷன் முன்னாடி சிறப்புப் பதிப்பு பேப்பர் கொடுத்தாங்க. கோட்டு சூட்டு போட்டவங்க, மளிகைப் பையோட வந்த அம்மாக்கள், ஸ்கூல் பசங்க எல்லாரும் ஒரே தள்ளு, கையை நீட்டிக்கிட்டு. எனக்கு ஒரு காப்பி கிடைச்சது, ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு. சகுரா முழுசா மலந்துடுச்சுன்னு இன்னிக்கு வானிலைத் துறை சொல்லியிருக்கு, அந்தச் செய்திய யாரும் கண்டுக்கல.

சாயங்காலம் பெரியவர்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பப் போனேன். அவர் பேச்சு எல்லாம் 31-ம் தேதிய பத்தித்தான். அன்னிக்கு ஜிங்கூ ஸ்டேடியத்துல யாகுல்ட்டோட சீசன் ஆரம்பம், ரன் விழுந்தா குட்டிக் குடையை விரிச்சு எல்லாரும் ஆடுவாங்க, நீ டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போடுன்னாரு. ஏர்லைன்ஸுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன், 1-ம் தேதி ஃப்ளைட்ல இடம் இருக்காம். மாத்திட்டேன்.